கேபிள் இல்லாத வீட்டில் டிவி

ஒரத்தநாடு கடைத்தெருவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாலே வீடுகள் விலகி விலகி நிற்கத் தொடங்கிவிடும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே நாலைந்து மா நஞ்சை, ஒரு தென்னந்தோப்பு, கல்லணைக் கால்வாயிலிருந்து பிரிந்துவரும் ஒரு வாய்க்கால். கேபிள் ஒயர் இங்கே மின்கம்பத்தையும் மரத்தையும் பிடித்துத் தாவித் தாவித்தான் வர வேண்டும். வழியில் ஒரு மட்டை விழுந்தால் அந்த வரிசையில் உள்ள அத்தனை வீட்டிலும் படம் போய்விடும். வயலுக்கு நடுவே புதிதாக வீடு கட்டிக் குடிபோனவரிடம், "அம்புட்டுத் தூரம் ஒயர் இழுத்தா கட்டுப்படியாவாதுங்க" என்று கேபிள்காரர் கையை விரிப்பதும் உண்டு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயலை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டங்களில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. டெல்டா முழுவதும் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. சில கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்த கேபிளும் கம்பத்தோடு போயிற்று. மின்வாரியம் கம்பம் நட்டு முடித்த பிறகுதான் அதை மறுபடி இழுக்க முடிந்தது. கேபிள் இல்லாமல் டிவி பார்ப்பது எப்படி என்ற கேள்வி இந்த ஊரில் சிக்கனத்துக்காக மட்டும் எழுவதில்லை.

இன்றைக்கு இதற்கு மூன்று வழிகள் உள்ளன: மாதக் கட்டணம் இல்லாத அரசு டிஷ், பணம் கட்டும் தனியார் டிஷ், இணையம். மூன்றையும் கலந்துகொள்வதுதான் பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவருகிறது. எதை எவ்வளவு கலப்பது என்பதை அந்த வீட்டில் யார், எதை, எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்பதே முடிவு செய்யும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் டிவி பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துவிடுவது நல்லது. பார்த்த சேனலின் பெயரை அவரவர் எழுதினால் போதும். கேபிளில் நூற்றுக்கணக்கில் சேனல் வந்தாலும், வாரக் கடைசியில் அந்தத் தாளில் பத்துப் பெயர் சேர்ந்திருந்தால் அதிகம். செலவை அந்தப் பத்துக்குத்தான் பார்க்க வேண்டும்.

கேபிளுக்கு முன்னால்

கேபிள் வருவதற்கு முன்பும் டெல்டா டிவி பார்த்துக்கொண்டுதான் இருந்தது, அதுவும் சொந்த முயற்சியில். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் அந்த ஒளிபரப்பு சென்னையையும் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. தஞ்சை மாவட்டத்துக்கு அது பத்திரிகையில் படிக்கும் செய்தியாகவே பல ஆண்டுகள் இருந்தது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது கடலோர டெல்டாவில் ஆண்டெனாக்கள் தெற்கு நோக்கித் திரும்பின. உயரமான இரும்புக் குழாய், உச்சியில் ஆண்டெனா, கீழே ஒரு பூஸ்டர். காற்று திசை மாறினால் படத்தில் புள்ளி புள்ளியாகக் கொட்டும். அப்போது ஒருவர் குழாயைத் திருப்ப, இன்னொருவர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். டெல்டாவில் பல வீடுகளின் முதல் தொலைக்காட்சித் தமிழ் அண்டை நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்தது.

அதே காலத்தில் வந்ததுதான் வீடியோ டெக் வாடகை. திருவிழா, பூப்பு நீராட்டு, கல்யாணம் என்று எதுவானாலும் கலர் டிவியும் டெக்கும் கேசட்டும் ஓர் இரவு வாடகைக்கு வரும். விடிய விடிய மூன்று படம் ஓடும். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கிய பிறகுதான் கேபிள் ஒயர் தெருத்தெருவாக நுழைந்தது. 2006-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச கலர் டிவி திட்டம் 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகளைக் குடும்ப அட்டைதாரர்களுக்குக் கொடுத்தது. பெட்டி இலவசமாக வந்தாலும் அதற்கு மாதாமாதம் கேபிளுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அரசே கேபிள் நடத்தலாம் என்ற யோசனையும் இந்தப் பக்கத்தைத் தொட்டுத்தான் வளர்ந்தது: 2007-இல் உருவான அரசு கேபிள் டிவி நிறுவனத்தின் முதல் கட்டுப்பாட்டு அறைகளில் ஒன்று தஞ்சாவூரில் அமைந்தது. 2011 செப்டம்பரில் அது புத்துயிர் பெற்றபோது மாதக் கட்டணம் 70 ரூபாய்.

பழைய ஆண்டெனாவைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ கேபிளை விடுகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "ஓர் ஆண்டெனா வாங்கி மாட்டு" என்பதுதான். அமெரிக்காவில் 2009 ஜூன் 12 முதல் பெரிய நிலையங்கள் எல்லாம் தரைவழி டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. பிரிட்டனில் 2002 முதல் ஃப்ரீவியூ என்ற இலவசத் தரைவழி டிஜிட்டல் சேவை இருக்கிறது. அங்கே அது நல்ல அறிவுரை. இங்கே தூர்தர்ஷன் தன் அனலாக் தரைவழி ஒளிபரப்பை 2022 மார்ச்சுக்குள் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிட்டது; தரைவழி டிஜிட்டல் சென்னை போன்ற சில நகரங்களோடு நின்றுவிட்டது. ஒரத்தநாட்டு மாடியில் ஆண்டெனா மாட்டிப் பயனில்லை. யூடியூபில் வெளிநாட்டுக்காரர் காட்டும் ஆண்டெனாவைப் பார்த்து இணையக் கடையில் ஆர்டர் போட வேண்டாம்.

மாடியில் இன்னும் நிற்கும் அந்தப் பழைய ஆண்டெனாக் குழாயிலேயே டிஷ்ஷைக் கட்டிவிடலாமா என்று சிலருக்குத் தோன்றும். கூடாது. ஆண்டெனாவில் காற்று புகுந்து வெளியேறிவிடும். டிஷ் காற்றை முழுவதுமாக வாங்கும். குழாய் விரலளவு ஆடினாலும் படம் நின்றுவிடும்.

மாதக் கட்டணம் இல்லாத டிஷ்

பிரசார் பாரதி 2004 டிசம்பரில் தொடங்கிய டிடி டைரக்ட் பிளஸ் சேவைக்கு இப்போது டிடி ஃப்ரீ டிஷ் என்று பெயர். டிஷ், பாக்ஸ், ஒயர், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து ஒரு தடவை சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய் ஆகும். அதன் பிறகு ரீசார்ஜ் கிடையாது, கணக்கு எண் கிடையாது, மாதா மாதம் யாரும் வசூலுக்கு வர மாட்டார்கள். நாட்டில் 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் இப்படிப் பார்க்கின்றன என்று மதிப்பிடப்படுகிறது. பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்-4 வகைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய எம்பெக்-2 பாக்ஸில் சேனல்கள் குறைவாகவே வரும். சில புது டிவிகளில் டிஷ் ஒயரை நேரே செருகும் ட்யூனரே உள்ளே இருக்கிறது. அதற்கென்று ஐஎஸ் 18112:2022 என்ற இந்தியத் தர நிர்ணயமும் வந்திருக்கிறது. அப்படிப்பட்ட டிவிக்குத் தனி பாக்ஸ் தேவைப்படாது.

ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் ஏவப்பட்ட அது நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்கு 93.5 பாகையில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரத்தநாட்டு மாடியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கே, சற்றுக் கிழக்குச் சாய்வாக இருக்கும். ஊர் சொல்லிக் காட்ட வேண்டுமென்றால் முத்துப்பேட்டைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவான திசை. உயரம் ஏறக்குறைய 69 பாகை. அதாவது அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். லண்டனில் வீட்டுச் சுவரில் மாட்டிய டிஷ் ஏறத்தாழ நேராக நிற்பதையும், இங்கே மாடியில் டிஷ் வானம் பார்த்துச் சாய்ந்திருப்பதையும் படத்தில் பார்த்தவர்களுக்குக் காரணம் இதுதான்: நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் ஊருக்குச் செயற்கைக்கோள் தலைக்கு மேலே வந்துவிடுகிறது. சின்ன டிஷ்ஷில் அலையைப் பிடிக்கும் எல்.என்.பி நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் டிஷ்ஷின் முகம் 69 பாகைக்குத் திரும்பியிருக்காது. பாதிச் சாய்வில் நிற்பதுபோல்தான் தெரியும். முகத்தை நேரே வானத்துக்குத் திருப்பிவிட்டுப் படம் வரவில்லையே என்று திகைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்த உயரம் தென்னந்தோப்புக்காரருக்குச் சாதகம். டிஷ்ஷைவிட நாற்பது அடி உயர்ந்த தென்னை நின்றாலும், அது டிஷ்ஷிலிருந்து பதினைந்து அடிக்குள் அந்தத் திசையில் இருந்தால்தான் குருத்து குறுக்கே வரும். மட்டையின் நீளத்தையும் சேர்த்துக்கொண்டு முப்பது அடி தள்ளி இடம் பார்த்தால் போதும். டிஷ்ஷுக்காக மரத்தை வெட்ட வேண்டிய அவசியம் வராது. கஜாவுக்குப் பிறகு தென்னங்கன்று நட்டவர்கள் மட்டும், கன்று வளர்ந்து எந்தப் பக்கம் மறைக்கும் என்று இப்போதே யோசித்து டிஷ்ஷின் இடத்தைத் தீர்மானிக்கலாம்.

பொருத்தும் நாளில் மாடியில் நடப்பது இதுதான். டிஷ்காரர் நாலு போல்ட்டையும் முக்கால்வாசி முடுக்கிவிட்டு, டிஷ்ஷின் விளிம்பைப் பிடித்து மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். கீழே டிவி முன்னால் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும். "தம்பி, வருதா பாரு!" "வரல அண்ணே... இன்னும் கொஞ்சம்... வந்துட்டு வந்துட்டு... அய்யோ, போயிட்டு!" பாக்ஸின் மெனுவில் இரண்டு கோடுகள் தெரியும். ஸ்ட்ரெங்த் என்ற கோடு ஒயர் சரியாக மாட்டியிருந்தாலே உயர்ந்துவிடும். அதை நம்பக் கூடாது. குவாலிட்டி என்ற இரண்டாவது கோடு ஏறினால்தான் செயற்கைக்கோள் பிடிபட்டது என்று அர்த்தம். படம் வந்ததோடு விட்டுவிடாமல் அந்தக் கோடு உச்சிக்குப் போகும்வரை நகர்த்தச் சொல்ல வேண்டும். வெயில் நாளில் அரைகுறைக் கோட்டிலும் படம் பளிச்சென்று தெரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே வீட்டில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். இந்த அலைகள் கனத்த மழையில் வலுவிழக்கும் தன்மை கொண்டவை. கோடு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு மழையைத் தாங்கும். முழுவதும் தவிர்க்க முடியாது. பெருமழை விட்டதும் தானாக வந்துவிடும். அதற்காக மாடியேறித் திருப்பினால் கெட்டுப்போவதுதான் மிச்சம்.

டிஷ்ஷை ஓட்டிலோ கைப்பிடிச் சுவரின் பூச்சிலோ மாட்டாமல் கான்கிரீட்டில் போல்ட் இறக்கி மாட்டச் சொல்ல வேண்டும். ஓட்டு வீட்டுக்காரர் தரையில் சிமெண்ட் கட்டி அமைத்துக்கொள்ளலாம். உயரத்தால் கூடுதல் சிக்னல் எதுவும் கிடைப்பதில்லை, வானம் தெரிந்தால் சரி. போல்ட்டை முழுவதும் முடுக்கிய பிறகு, டிஷ் நிற்கும் கோணத்தைத் தாங்கியில் பெயிண்டால் கோடு போட்டு வைத்துக்கொள்வது நல்லது. புயல் எச்சரிக்கை வந்தால் டிஷ்ஷைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, ஓய்ந்ததும் அதே கோட்டில் மாட்டலாம். இடி இடிக்கும்போது டிஷ் ஒயரை பாக்ஸிலிருந்து உருவிவிட வேண்டும். பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. மாடியிலிருந்து வரும் ஒயர் வழியாகவும் மின்னல் உள்ளே வரும்.

ஆறு, எட்டு அடி டிஷ் வைத்தால் வேறு செயற்கைக்கோள்களிலிருந்து இன்னும் பல இலவச சேனல்கள் வருமே என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அவ்வளவு பெரிய டிஷ்ஷைக் காற்றுக் காலத்தில் மாடியில் வைத்திருப்பது புயல் அடிக்கும் ஊருக்கு ஏற்றதல்ல.

தமிழ் சேனலுக்குப் பணம்

ஃப்ரீ டிஷ் வாங்கிய வீட்டில் முதல் மாலையே ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். சேனல் எண்களை மாற்றிக்கொண்டே போனால் இந்தி, மறுபடி இந்தி, போஜ்புரி, பக்திப் பாடல், கல்விச் சேனல்கள். ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடிக்கின்றன. அந்த ஏலத்தில் வட இந்திய நிறுவனங்களே அதிகம் வருகின்றன. தமிழுக்கு உறுதியாக இருப்பது தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனல்தான். பொதிகை என்று பழகிய அது 2024 ஜனவரி 19 முதல் டிடி தமிழ் என்ற பெயரில் வருகிறது. சன் டிவி, விஜய், ஜீ தமிழ் தொடர்களை ஃப்ரீ டிஷ்ஷில் எதிர்பார்க்கக் கூடாது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஃப்ரீ டிஷ் ஒரு வீட்டின் முழுத் தேவையையும் தீர்த்துவிடலாம். ஒரத்தநாட்டில் அது பாதிச் சாப்பாடு. கடைக்காரர் இதைச் சொல்லாமல் விற்பது சரியல்ல.

அப்படியும் அதை வைத்துக்கொள்ள ஒரு வலுவான காரணம் இருக்கிறது, கிரிக்கெட். 2007-இல் இயற்றப்பட்ட சட்டப்படி இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 சர்வதேசப் போட்டிகளின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அந்தப் பகிர்ந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் தரைவழியிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே போக வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதனால் அந்த ஆட்டங்களை டிடி ஸ்போர்ட்ஸில் ஃப்ரீ டிஷ் வீடு இலவசமாகப் பார்க்கும். அதே டிடி ஸ்போர்ட்ஸைக் கேபிளிலோ கட்டண டிஷ்ஷிலோ வைத்திருப்பவருக்கு அந்த நேரம் வேறு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். ஐபிஎல் இந்தச் சட்டத்துக்குள் வராது.

மாலைத் தொடர்கள் இல்லாமல் முடியாது என்ற வீட்டுக்கு நேர்வழி கட்டண டிஷ்தான். சன் டைரக்ட், டாடா ப்ளே, ஏர்டெல், டிஷ் டிவி ஆகிய நான்குமே இந்தப் பக்கம் கிடைக்கின்றன. 2022 ஜனவரியில் பெயர் மாறிய டாடா ஸ்கைதான் டாடா ப்ளே. விலையைப் படிக்கத் தெரிந்துகொள்வது முக்கியம். 2019 பிப்ரவரி 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறைப்படி பில்லில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, நிறுவனம் சேனல்களைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான அடிப்படைக் கட்டணம்; முதலில் இதற்கு 130 ரூபாய் என்று உச்சவரம்பு இருந்தது, 2024 ஜூலையில் அந்த வரம்பை டிராய் எடுத்துவிட்டது. இன்னொன்று, கட்டண சேனல் ஒவ்வொன்றின் விலை. தொகுப்பில் சேரும் சேனலுக்கு 19 ரூபாய்க்கு மேல் வைக்கக் கூடாது. இரண்டுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கடைக்காரர் காட்டும் தொகுப்பில் விளையாட்டும் ஆங்கிலமும் இந்தியும் கலந்திருக்கும். ஒரு வாரம் எழுதி வைத்த தாளை எடுத்து நீட்டி, "இந்த சேனல் மட்டும் போட்டா எவ்வளவு ஆகும்?" என்று கேட்க வேண்டும். சேனலைத் தனித்தனியாக எடுக்கும் உரிமை பார்ப்பவருக்கு உண்டு.

செயற்கைக்கோளுக்கும் நோய் வரும் என்பதைத் தமிழ்நாடு 2010 ஜூலையில் பார்த்தது. இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்சாரத்தில் கோளாறு ஏற்பட்டு அதன் கருவிகளில் பாதி நின்றுபோக, அதை நம்பியிருந்த சன் டைரக்ட் மீசாட்-3 என்ற மலேசியச் செயற்கைக்கோளுக்கு மாற வேண்டியதாயிற்று. வானத்தில் இரண்டே பாகை தூரம்தான் என்றாலும் டிஷ்களைத் திருப்ப வேண்டியிருந்தது. டிஷ்காரரின் கைப்பேசி எண்ணைப் பாக்ஸின் அடியில் எழுதி ஒட்டி வைப்பதற்கு இது போதுமான காரணம்.

இணையம் வழியாக

தெருவில் ஃபைபர் வந்துவிட்ட வீட்டுக்குக் கணக்கு வேறு. பல ஊர்களில் ஃபைபரை இழுத்துத் தருபவர் அதே பழைய கேபிள்காரர்தான். கம்பத்தையும் தெருவையும் அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் எதுவானாலும் 30 எம்பிபிஎஸ் வேகமுள்ள அடிப்படைத் திட்டம் டிவிக்குத் தாராளம். மாதம் 400 ரூபாயை ஒட்டி, வரி தனி. தெளிவான எச்.டி. படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும்; 4கே என்றால் 15. கடையில் 100, 200 என்று வேகம் சொல்லி விற்றால் அந்தப் பணம் வீண்.

ஃபைபர் வராத வயல்வெளி வீடு கைப்பேசி டேட்டாவை நம்பியிருக்கும். எச்.டி.யில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். சாதாரணத் தரத்தில் 1 ஜிபியை ஒட்டி. நாளைக்கு 1.5 ஜிபி கொடுக்கும் திட்டத்தில் இரண்டரை மணி நேரப் படத்தைச் சாதாரணத் தரத்தில்கூட முழுவதும் பார்க்க முடியாது. இடைவேளைக்குச் சற்றுப் பிறகு நின்றுவிடும். ஹாட்ஸ்பாட் போட்டு டிவியில் பார்ப்பவர்கள் செயலியின் அமைப்பில் போய்த் தரத்தைக் கீழே இறக்க வேண்டும். தானாக விட்டால் அது உயர்ந்த தரத்துக்கே தாவும். 2023-இல் ஜியோவும் ஏர்டெல்லும் தொடங்கிய ஏர்ஃபைபர் இடைப்பட்ட வழி: மாடியில் ஒரு சின்னப் பெட்டி 5ஜி கோபுரத்திலிருந்து இணையத்தை இறக்கித் தரும். கோபுரம் அருகில் இருந்தால் நன்றாக வேலை செய்யும். பணம் கட்டுவதற்கு முன், பெட்டி வைக்கப்போகும் அதே இடத்தில் 5ஜி கைப்பேசியோடு மாலை எட்டு மணிக்கு நின்று வேகத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஊரே டேட்டா பார்க்கும் நேரத்தில் கிடைக்கும் வேகம்தான் அந்த வீட்டுக்குக் கிடைக்கப்போகும் வேகம்.

எந்தத் தொடர் எந்தச் செயலியில் என்பதுதான் வீட்டில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. சன் குழுமத்துத் தொடர்களும் படங்களும் சன் நெக்ஸ்ட்டில். விஜய் டிவி என்றால் ஜியோஹாட்ஸ்டார். 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றானதால் வந்த பெயர் இது. ஜீ தமிழுக்கு ஜீ5. தமிழ்ச் செய்தி சேனல்களில் பலவும் யூடியூபில் நாள் முழுவதும் நேரலையாக, காசில்லாமல் ஓடுகின்றன. செய்திக்காகக் கேபிள் வைத்திருக்கத் தேவையே இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு, 2019 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் யூடியூபில் இருக்கின்றன. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியில் தூர்தர்ஷன் சேனல்களை நேரலையாகப் பார்க்கலாம்.

சந்தா கட்டும்போது ஒரு சொல்லில் ஏமாறக் கூடாது: "மொபைல்". நெட்ஃப்ளிக்ஸ் முதலான சில செயலிகளில் மிக மலிவான திட்டம் கைப்பேசிக்கு மட்டுமே. அதை டிவியில் போட முடியாது. ரீசார்ஜோடு இலவசமாக வரும் சந்தாவும் பெரும்பாலும் இந்த வகைதான்.

பழைய பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பின்பக்கம் எச்.டி.எம்.ஐ துளை உள்ள எந்த டிவியிலும் ஒரு ஃபயர் டிவி ஸ்டிக்கோ ஆண்ட்ராய்டு பாக்ஸோ செருகினால் அது ஸ்மார்ட் டிவி ஆகிவிடும். அரசு கொடுத்த 14 அங்குலப் பெட்டியில் மஞ்சள், வெள்ளை வட்டத் துளைகள் இருக்கும். ஃப்ரீ டிஷ் பாக்ஸ் அதில் நேரே பொருந்தும். ஆனால் இணையப் படத்தின் எழுத்துகளை அந்தத் திரையில் படிப்பது கண்ணுக்குச் சிரமம்.

மின்சாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 32 அங்குல எல்.இ.டி. டிவி 50 வாட் என்று வைத்துக்கொண்டால், தினம் ஆறு மணி நேரம் ஓடி இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். ஆனால் 10 வாட் இழுக்கும் பாக்ஸை இரவும் பகலும் நிறுத்தாமல் விட்டால் அதுவே 14 யூனிட் தின்னும். 100 யூனிட் இலவசத்துக்குள் நிற்கப் பார்க்கும் வீட்டில் பாக்ஸின் சுவிட்சைச் சுவரிலேயே அணைப்பது கவனிக்கத்தக்க மிச்சம்.

புதுப்படம், பழைய படம்

வீட்டுக்கே புதுப்படம் வர வேண்டும் என்பதற்கான முதல் பெரிய போராட்டம் தமிழில்தான் நடந்தது. கமல்ஹாசன் தன் விஸ்வரூபம் படத்தை 2013 ஜனவரியில் திரையரங்குக்கு முந்தைய இரவே டிடிஎச்சில் காட்டப்போவதாக அறிவித்தார். திரையரங்க உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், திட்டம் நடக்கவில்லை. ஏழே ஆண்டுகளில், கொரோனா முடக்கத்தின்போது, 2020 மே 29 அன்று பொன்மகள் வந்தாள் திரையரங்கைத் தொடாமல் நேரே அமேசான் பிரைமில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சூரரைப் போற்று. இன்று திரையரங்கில் வெளியான தமிழ்ப் படம் பெரும்பாலும் நான்கு வாரத்தில் ஏதாவது ஒரு செயலிக்கு வந்துவிடுகிறது. எந்தச் செயலி என்பது படத்துக்குப் படம் மாறுவதால், எல்லாவற்றுக்கும் ஆண்டுச் சந்தா கட்டுவது புத்திசாலித்தனமல்ல. ஒரு மாதம் ஒரு செயலி, அங்கே பார்க்க வேண்டியதை முடித்துவிட்டு அடுத்த மாதம் இன்னொன்று என்று சுற்றிவரலாம். தானாகப் பணம் எடுக்கும் வசதியைச் சேர்ந்த அன்றே நிறுத்திவிட்டால் மறதியால் போகும் பணம் மிஞ்சும்.

பழைய படங்களுக்குச் சந்தாவே வேண்டாம். உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களே முழுப் படங்களை யூடியூபில் ஏற்றியிருக்கின்றன. கறுப்பு வெள்ளைக் காலம் முதல் தொண்ணூறுகள்வரை தேடினால் ஆண்டுக்கணக்கில் பார்க்கலாம். பெயர் தெரியாத வலைத்தளம், டெலிகிராம் குழு, "எல்லாச் சேனலும் வருஷத்துக்கு இவ்வளவுதான்" என்று விற்கப்படும் பெட்டி ஆகியவற்றை இந்த நூல் பரிந்துரைக்கவில்லை. 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டப்படி படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து பரப்பினால் குறைந்தது மூன்று மாதம் சிறை, 3 லட்சம் ரூபாய் அபராதம். அந்தப் பெட்டியை வாங்கியவருக்கு ஒரு நாள் எல்லாமே நின்றுபோனால் கேட்க ஆளும் இருக்காது.

கேபிளை எடுப்பதற்கு முன்

இத்தனையும் முடிவான பிறகு வீட்டில் வயதானவர் கையில் ரிமோட்டைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கேபிளில் அவருக்குச் சேனல் எண் மனப்பாடம். அந்த எண்ணை அழுத்தினால் தொடர் வந்துவிடும். இணைய டிவியில் எண் கிடையாது, அம்புக்குறியை நகர்த்திச் செயலியைத் தேட வேண்டும். பகலில் பிள்ளைகள் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு தனியாக இருக்கும் அப்பத்தா, தானே டிவி போட முடியாமல் உட்கார்ந்திருக்கும்படி ஆனால் அந்த ஏற்பாடு தோற்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும். அந்த வீட்டுக்கு எண் வைத்து இயங்கும் டிஷ் பாக்ஸ் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இணையத்தை இளையவர்கள் இன்னொரு எச்.டி.எம்.ஐ துளையில் வைத்துக்கொள்ளலாம். புது சேனல் எண்களைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவது பெரிய உதவி.

புது ஏற்பாட்டையும் கேபிளையும் ஒரு மாதம் சேர்த்தே ஓட்டிப் பார்ப்பது நல்லது, முடிந்தால் மழைக்காலத்தில். ஒத்துவந்த பிறகு கேபிள்காரரிடம் சொல்லி நிறுத்தலாம். அரசு கேபிள் இணைப்பு வைத்திருப்பவர்கள், அந்த செட்டாப் பாக்ஸ் அரசு நிறுவனத்தின் சொத்து என்பதை அறிந்திருக்க வேண்டும். அதை ரிமோட், அடாப்டரோடு கேபிள்காரரிடம் திருப்பிக் கொடுத்து, பாக்ஸின் எண்ணும் தேதியும் குறிப்பிட்டு எழுத்தில் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சீட்டையும் ஃப்ரீ டிஷ் வாங்கிய ரசீதையும் குடும்ப அட்டை இருக்கும் பையிலேயே வைக்கலாம்.